ஐம்பத்து மூன்றாம் கடைக்குப் போகாத கடிதம்

அலுவலக நடைமுறைக் கையேடு, விதி 14.4: "ஒரு பொருளை எந்த வரிசையில் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதன் உற்பத்தியாளர் தனியே குறிப்பிட்டிருந்தால், விதி 14.3 பொருந்தாது; உற்பத்தியாளர் சொன்ன வரிசையே பின்பற்றப்பட வேண்டும்."

அன்றைக்குப் பொருந்தியிருக்க வேண்டிய விதி இதுதான். (மூலம் ஆங்கிலம். தமிழ் என்னுடையது.) அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விடுப்பு விண்ணப்பம் எத்தனை பிரதி, பென்சிலை எந்த நீளத்துக்குக் கீழே போனால் திருப்பித் தரலாம், எல்லாம் மனப்பாடம். 14.4 மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஏன் தெரியாமல் இருந்தது என்பது எனக்கு மானக்கேடான செய்தி. ஆகவே கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

1985. பழைய கடை வரிசைகளை இடிப்பதற்கு முன் அங்கிருக்கும் கடைக்காரர்களைப் புதிய கட்டடங்களுக்கு மாற்றுவது எங்கள் பிரிவின் வேலை. அந்த ஆண்டு எங்கள் கைக்கு வந்தது சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்து. ஐம்பத்து மூன்று கடைகள். புதிய கட்டடத்தில் தரைத்தளத்தில் இருபது கடைகள், மாடியில் முப்பத்து மூன்று. யாருக்கு எது என்பதைச் சமூக மன்றத்தில் ஒரு சனிக்கிழமை காலை குலுக்கல் தீர்மானிக்கும். கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் போகும். தன் பெயர் போட்ட கடிதத்தைக் கொண்டுவருபவர் மட்டுமே குலுக்கல் டின்னுக்குள் கையை விடலாம்.

சந்தின் கடைசிக் கடை, ஐம்பத்து மூன்றாவது, காதர் பாயுடையது. மசாலா அரைக்கும் மில். அந்தத் தேக்கா வட்டாரத்தில் பாதி வீட்டுக் குழம்பு அவர் அரைத்த தூளில்தான் கொதித்தது. என் மனைவி ஸ்டெல்லா எங்கள் வீடு இருந்த புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி, காய்ந்த மிளகாயும் கொத்தமல்லியும் சுமந்துகொண்டு அங்கேதான் போவாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புவாள். அந்த அரவை இயந்திரம் ஒரு சின்ன யானை. மாடிக் கடைகளில் அத்தனை எடையுள்ள இயந்திரம் வைக்கக் கூடாது என்று எங்கள் கடிதத்தின் ஆறாம் பத்தி சொன்னது. எழுதியவன் நான்தான். ஆக, பாய்க்குத் தரைத்தளம் விழுந்தால் மில் உண்டு. மாடி விழுந்தால் மில் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

இந்தச் சமயத்தில் எங்கள் பிரிவுக்கு முதல் கணினி வந்தது. கூடவே மூன்று பெட்டிகள். கடிதம் எழுதுவதற்கு ஒரு பேக்கேஜ், பெயர்ப் பட்டியலைக் கடிதத்தில் சேர்ப்பதற்கு ஒரு பேக்கேஜ், புதிய பிரிண்டரை ஓட்டுவதற்கு ஒரு பேக்கேஜ். (அப்போது 'மென்பொருள்' என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் யாரும் கேள்விப்படவில்லை. பேக்கேஜ்தான்.) பரிசோதனைக் காலம் மூன்று மாதம். பொறுப்பாளர்: நிர்வாக அதிகாரி ஆரோக்கியசாமி. அதாவது அடியேன். என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று மேலதிகாரி மிஸ்டர் கோவிடம் கேட்டேன். நான் மட்டும்தான் கையேட்டை முழுக்கப் படித்தவன் என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று பெட்டிகளையும் பொருள் பதிவேட்டில் ஏற்றினேன். கடிதம் முதலில், பட்டியல் இரண்டாவது, ஜூரோங் கிடங்கிலிருந்து தாமதமாக வந்த பிரிண்டர் பேக்கேஜ் மூன்றாவது. விதி 14.3 என்ன சொல்கிறது? பொருட்கள் பதிவேட்டில் ஏறிய வரிசையிலேயே பயன்பாட்டுக்கு எடுக்கப்பட வேண்டும். பழைய கோந்துப் புட்டி காய்ந்து போவதற்கு முன் அதைத் தீர்த்துவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டும் என்பதற்காக யாரோ புண்ணியவான் எழுதிய விதி. நான் அதைக் கணினிக்குப் பொருத்தினேன். கடிதம், பட்டியல், பிரிண்டர். அதே வரிசையில் ஒவ்வொரு ஃபிளாப்பியாகப் போட்டு ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே சுருக்கொப்பமும் இட்டேன்.

பின்னால் தெரிந்துகொண்டதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பட்டியல் பேக்கேஜிலும் பிரிண்டர் பேக்கேஜிலும் ஒரே பெயரில் ஆளுக்கொரு கோப்பு இருந்தது. பெயர் ஒன்று, வேலை வேறு. உணவங்காடியில் ஒருவர் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம்பிடித்த நாற்காலியில், பொட்டலத்தைத் தள்ளிவிட்டு இன்னொருவர் உட்காருவதைப் போல, பின்னால் வந்த பிரிண்டர் கோப்பு முன்னால் இருந்த பட்டியல் கோப்பை எடுத்துவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டது. பட்டியல் பேக்கேஜுக்கு அது தெரியாது. அந்நியன் சொன்ன கணக்கை நம்பி, முகவரிக்கு மேலே அதற்கு முந்தைய ஆளின் பெயரை எடுத்துப் போட்டது. முதல் கடைக்கு முன்னால் யாரும் இல்லை. ஆகவே முதல் கடிதத்தில் பெயரே இல்லை. இரண்டாம் கடை முகவரியில் முதல் கடைக்காரர் பெயர். மூன்றாம் கடையில் இரண்டாமவர். இப்படியே போய், ஐம்பத்து மூன்றாம் கடை முகவரியில் ஐம்பத்து இரண்டாமவர் பெயர். காதர் பாய் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

நான் சரிபார்க்கவில்லையா? பார்த்தேன். பத்துக்கு ஒரு கடிதம் பார்க்க வேண்டும் என்பது விதி. பத்தாவது, இருபதாவது, முப்பதாவது என்று எடுத்து, ஓரத்து இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தேன். மிக நேர்த்தி. முதல் கடிதத்தில் பெயர் இல்லாததையும் கவனித்தேன். புது இயந்திரம், முதல் தாளில் கொஞ்சம் தடுமாறும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, முதல் கடைக்காரரான நகைக்கடைச் செட்டியார் பெயரைப் பேனாவால் அழகாக எழுதி அனுப்பினேன்.

திங்கட்கிழமை தபாலில் சேர்த்தோம். தபால்காரர் கடை எண்ணைப் பார்த்துப் போட்டுவிட்டார். கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புகார் செய்யவில்லை. எல்லோருக்கும் பக்கத்துக் கடைக்காரர் பெயரில் கடிதம் வந்திருப்பதைக் கண்டு, அரசாங்கம் ஏதோ புது முறை வைத்திருக்கிறது என்று நினைத்து, ஆளுக்கு ஒரு கடை இடப்பக்கம் நடந்து கொடுத்துவிட்டு வந்தார்கள். செட்டியாரிடம் இரண்டு கடிதம் சேர்ந்தது. காதர் பாய் தனக்கு வந்ததை ஐம்பத்து இரண்டாம் கடைத் துணி வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வலப்பக்கம் சுவர்.

வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், வெள்ளைச் சட்டை, காதோரம் மஞ்சள் தூள்.

"தம்பி, எல்லாருக்கும் லெட்டர் வந்துருச்சு. எனக்கு மட்டும் வரல."

"அனுப்பினது ஐம்பத்து மூணு, பாய். எண்ணித்தான் அனுப்பினேன்."

"எண்ணுனீங்க, சரி. எம் பேரு அதுல இருந்துச்சா?"

எங்கள் தட்டச்சர் புஷ்பம் அப்போது தலை நிமிர்ந்தாள். அலுவலகப் பிரதிகளை எடுத்து வரிசையாகப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் நடந்தது என்ன என்று கண்டுபிடித்துவிட்டாள். பிறகு, தன் தட்டச்சுப் பொறியின் உறையைக் கழற்றிக்கொண்டே, ஒரே ஒரு லெட்டர்தானே சார், நாலு நிமிஷத்தில் அடித்துத் தருகிறேன் என்றாள்.

இந்த இடத்தில் நான் தலையாட்டியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் ஆட்டவில்லை. பரிசோதனைக் காலத்தில் ஒரே தொகுதிக் கடிதங்களை இரண்டு முறைகளில் தயாரிக்கக் கூடாது என்பது விதி. இயந்திரத்தில் தொடங்கியதை இயந்திரத்திலேயே முடிக்க வேண்டும். பாயை உட்காரவைத்து, ஒரு கோப்பி வரவழைத்துக் கொடுத்து, மூன்று பேக்கேஜையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். பதிவேட்டு வரிசையில். கடைசிக் கடிதத்தை அச்சடித்தேன். ஐம்பத்து மூன்றாம் கடை முகவரி. துணி வியாபாரியின் பெயர்.

பாய் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கடைக்குப் போனார். நாளைக்குக் கண்டிப்பாகக் கிடைத்துவிடும் என்று வாசல்வரை போய்ச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் இரண்டு முறை அழித்தேன், இரண்டு முறை ஏற்றினேன். அதே வரிசை, அதே துணி வியாபாரி. அந்த மனிதரின் பெயரை எனக்கு இன்றும் மறக்க முடியவில்லை. என் பிள்ளைகளின் பிறந்த நாள்கூட அவ்வளவு தெளிவாக நினைவில்லை. மாலையில் புஷ்பம் பிரிண்டர் பெட்டிக்குள் கிடந்த மடித்த தாள் ஒன்றை என் முன்னால் விரித்தாள்.

"சார், இதுல பிரிண்டர் பேக்கேஜ முதல்ல போடணும்னு இருக்கு. பட்டியல் கடைசி."

"அது விற்கிறவன் எழுதினது. நமக்கு 14.3 இருக்கு."

அவள் கையேட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் படித்தாள்.

"14.3க்கு அப்புறம் 41.4 வருதே சார். சைக்கிள் நிறுத்துற இடத்தப் பத்தி."

"சின்ன அச்சுப் பிழை."

"14.4 எங்க சார்?"

அரசாங்கம் சில எண்களைக் காரணத்தோடுதான் விட்டுவிடும் என்று நான் பதில் சொன்னேன். புஷ்பம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சமூக மன்றத்துக்கு முதலில் வந்து நின்றவர் காதர் பாய். குலுக்கல் ஒன்பது மணிக்கு. முன்னால் வந்தவர் முன்னால் எடுக்கலாம். ஒரு பிஸ்கட் டின்னில் இருபது சிவப்பு வில்லை, முப்பத்து மூன்று வெள்ளை வில்லை. சிவப்பு தரைத்தளம். வரிசை நகர்ந்ததும் மிஸ்டர் கோ பாயிடம் கடிதம் கேட்டார். இல்லை என்றதும், கோபம் ஒன்றும் இல்லாமல், ஒரு நாற்காலியைக் காட்டினார். கடிதம் இல்லாமல் குலுக்கல் இல்லை; அதுவும் நான் எழுதிய பத்திதான், மூன்றாம் பத்தி. பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டாவதாக வந்தவர் முதலாவதானார்.

ஒவ்வொரு வில்லை வெளியே வரும்போதும் மிஸ்டர் கோ டின்னில் மிச்சம் எத்தனை சிவப்பு என்பதை உரக்கச் சொல்வார். குலுக்கல் நேர்மையாக நடக்கிறது என்று காட்டுவதற்கு அது வழக்கம். பாய் அந்த எண்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினாறு. பதினைந்து. துணி வியாபாரி சிவப்பு எடுத்தார். பதினொன்று.

எண் நான்குக்கு வந்தபோது புஷ்பம் உள்ளே வந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. கையில் ஒரு தாள். காலையில் அலுவலகத்துக்குப் போய்க் காவலாளியிடம் கெஞ்சிக் கதவைத் திறக்கவைத்து, காதர் பாய் பெயரில், ஐம்பத்து மூன்றாம் கடை முகவரியில், தட்டச்சுப் பொறியில் அடித்த கடிதம். என் பெயருக்கு மேலே கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"போடுங்க சார்," என்றாள். அவ்வளவுதான்.

நான் பேனாவைத் திறந்தேன். பிறகு யோசித்தேன். கடிதத்தில் வரிசை எண் இல்லை. பதிவு இல்லை. பரிசோதனைக் காலத்தில் இரண்டு முறை கூடாது. அதை நான் கையெழுத்திட்டால் அது செல்லுமா, அல்லது மிஸ்டர் கோவின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டுமா? மிஸ்டர் கோ மேடையில் இருந்தார். அவர் இறங்கி வரட்டும் என்று காத்திருந்தேன். மூன்று என்றார் மேடையிலிருந்து. அவர் என்னைப் பார்ப்பார், சைகை காட்டலாம் என்று நினைத்தேன். இரண்டு. ஒரு வெள்ளை, இன்னொரு வெள்ளை, பிறகு ஒரு சிவப்பு. ஒன்று. நான் கையெழுத்தை இட்டேன். முழுக் கையெழுத்து, தேதியோடு. மை காய்வதற்காக ஊதவும் செய்தேன். ஊதிக்கொண்டிருக்கும்போதே மிஸ்டர் கோ பூஜ்யம் என்றார்.

பாய் கடிதத்தைக் கொண்டுபோனார். மிஸ்டர் கோ அதை வாங்கிப் பார்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல் டின்னை நீட்டினார். என் கையெழுத்து ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஆரம்பத்திலிருந்தே அது போதும். இதை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. பாய்க்கு வெள்ளை வந்தது. மாடி.

வெளியே வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். புஷ்பம் கொண்டுவந்தபோது நான்கு சிவப்பு இருந்தது, நான்தான் தாமதித்தேன் என்று மறைக்காமல் சொன்னேன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், தம்பி," என்றார். "நீங்க நல்லவரு லா. கெட்டவரா இருந்தா சட்டுனு போட்டிருப்பீங்க."

அன்று பிற்பகல் அலுவலகத்துக்குப் போய், கெட்டிலைக் கொதிக்கவைத்து, கையேட்டின் அந்தப் பக்கத்தை ஆவியில் காட்டினேன். சைக்கிள் நிறுத்தும் விதி ஓரத்திலிருந்து சுருண்டு எழுந்தது. அடியில் 14.4. சொல்லுக்குச் சொல், மேலே நான் கொடுத்தபடி.

திருத்தச் சீட்டுகள் என்று ஒரு வழக்கம் அப்போது உண்டு. ஒரு விதி மாறினால் தலைமை அலுவலகம் சின்னச் சீட்டாக அச்சடித்து அனுப்பும். அதைப் பழைய விதியின் மேல் ஒட்ட வேண்டும். எங்கள் பிரிவில் ஒட்டும் உரிமை என்னுடையது. யாரையும் விடமாட்டேன். எந்தப் பிரிவுக்கும் முன்னால் ஒட்டி முடித்துவிட்டேன் என்று தெரிவிப்பதில் எனக்கு ஒரு பெருமை. அந்த அவசரத்தில், அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 41.4க்கு உரிய சீட்டை 14.4இன் மேல் ஒட்டிவிட்டேன். நல்ல கோந்து. பதிவேட்டு வரிசைப்படி திறந்த புட்டி.

இனி அதை நிரந்தரமாகப் பிரித்தெடுக்கலாமா? விதி 2.6: ஒட்டிய திருத்தச் சீட்டைத் தலைமை அலுவலகத்தின் அனுமதியின்றி நீக்கக் கூடாது. (சிரிக்காதீர்கள்.) மறுபடி ஒட்டிவைத்தேன்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு கோரிக்கைகள். ஒன்று, 14.4ஐ மீட்க அனுமதி. இரண்டு, காதர் பாய்க்குத் தரைத்தளக் கடைக்காக மறு குலுக்கல். நிர்வாகக் காரணங்களால் அவருக்கு உரிய நேரத்தில் கடிதம் சென்று சேரவில்லை என்று எழுதி, தட்டச்சு செய்யப் புஷ்பத்திடம் கொடுத்தேன். அவள் இரண்டு வரி அடித்துவிட்டு நிறுத்தினாள்.

"சார், 'நிர்வாகக் காரணம்'னா யாரு சார்?"

வாங்கி, அந்தச் சொற்களை அடித்துவிட்டு, 'என் தவறால்' என்று எழுதிக் கொடுத்தேன். என் முப்பத்தொரு ஆண்டுச் சேவையில் அந்தச் சொற்கள் இடம்பெற்ற ஒரே கடிதம் அது.

பதில் வரும்வரை இருப்பது இருக்கட்டும் என்பதும் விதிதான். ஆகவே இயந்திரம் தவறான வரிசையிலேயே நின்றது. எங்கள் கடிதங்களைப் புஷ்பம் தட்டச்சுப் பொறியில் அடித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு பரிசோதனை வெற்றி என்று அறிவிக்கப்பட்டு, இயந்திரம் தலைமை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. இயந்திரத்தோடு அதன் பதிவேடும் கையேடும் போக வேண்டும் என்பது விதி. போயின. நான் ஒட்டிய சீட்டோடு.

பாய் மாடிக்குப் போனார். அரவை இயந்திரத்தை ஆறு பேர் சேர்ந்து லாரியில் ஏற்றி எல்லை தாண்டி ஜொகூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மில்காரர் வாங்கிக்கொண்டார். அதன்பின் பாய் வெளியில் அரைத்து வந்த தூளைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்றார். ஸ்டெல்லா தொடர்ந்து அவரிடமே வாங்கினாள். முன்பு போல இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் கைக்குட்டை எடுத்துப் போவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் பாய் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு தூக்கு பிரியாணி வந்தது. மேலே ஒட்டிய தாளில் எங்கள் பிளாக், எங்கள் மாடி, எங்கள் கதவு எண். பெயர் மட்டும் 'திருமதி லிம்'. அதாவது பக்கத்து வீட்டுக்காரர். முதல் ஆண்டு நான் அதை ஒழுங்காகக் கொண்டுபோய்த் திருமதி லிம்மிடம் கொடுத்துவிட்டேன். அவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். பாயின் குறும்பு அது என்று மாலையில் தெரிந்தபோது ஸ்டெல்லாவும் பிள்ளைகளும் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இப்போதும் வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும், பேரப்பிள்ளைகள்கூட, "தாத்தா, நம்முளுதா, லிம் வீட்டுதா?" என்று கேட்காமல் பிரிப்பதில்லை.

மூன்றாவது பெருநாள் பிரியாணி வந்த மறுநாள், தபால் பெட்டியில் தலைமை அலுவலகத்தின் நீண்ட உறை ஒன்று கிடந்தது. நான் வேறு அலுவலகத்துக்கு மாறியிருந்ததால் வீட்டு முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள். உள்ளே, உங்கள் இரண்டு கோரிக்கைகளும் பரிசீலிக்கப்பட்டன என்றிருந்தது. விதி 14.4 மீட்கப்படுகிறது. காலியாக உள்ள தரைத்தளக் கடைகளில் காதர் பாய்க்கு மறு குலுக்கல் அனுமதிக்கப்படுகிறது. பெயர் குறிப்பிடப்பட்டுள்ள அலுவலர் இக்கடிதத்தின் மூலப்படியுடன் நேரில் வர வேண்டும். ஓரத்து இடைவெளி மிக நேர்த்தி. முகவரி என்னுடையது. பெயர், நான் கேள்விப்பட்டிராத ஒரு ஆறுமுகம்.

இரண்டு பஸ் மாறித் தேக்காவுக்குப் போனேன். பெருநாளுக்கு மறுநாள், பாய் பாதிக் கதவைத் திறந்துவைத்து உள்ளே உட்கார்ந்திருந்தார். தரைத்தளத்தில் அப்போது காலியாக ஒரு கடையும் இல்லை; வரும் வழியில் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"இந்த ஆறுமுகம் யாரு, தம்பி?"

"பட்டியல்ல எனக்கு முன்னாடி இருக்கிறவரு, பாய்."

"பாவம். அவரு என்ன கேட்டிருந்தாரோ."

கடிதத்தை மேசையில் வைத்து, இரு கைகளாலும் நீவிவிட்டார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவரே எடுத்துக்கொண்டார். வந்த கடிதத்தில் வந்த தேதியைப் போடணும்ல, அதானே உங்க ஆபீஸ் முறை என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேல் ஓரத்தில், நிதானமாக, மசாலாப் பைகளில் விலை எழுதும் அதே தடித்த எழுத்தில் எழுதினார்: 18.5.1988.